சீலியாக்: கோதுமையை நிறுத்தும் முன் செய்ய வேண்டியதும், நிறுத்திய பின் சமையலறையில் தேட வேண்டியதும்

சோறு சாப்பிடுகிற வீட்டில் சீலியாக் என்ற குடல் நோய் வந்தால் சமாளிப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். சப்பாத்தியையும் பரோட்டாவையும் விட்டால் போதும் என்பது கணக்கு. ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எண் இறங்காமல் நிற்கும்போதுதான் ரசத்தில் போட்ட பெருங்காயம் நினைவுக்கு வரும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக முதல் நான்கு படிகளை.

1. யாருக்குச் சந்தேகப்பட வேண்டும்

ஓயாத வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், எடை குறைதல் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமலும் சீலியாக் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, உயரம் கூடாமல் நின்றுபோன பிள்ளை, அடிக்கடி வரும் வாய்ப்புண், இள வயதிலேயே எலும்புத் தேய்மானம், காரணம் தெரியாத கருச்சிதைவு, முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கொப்புளத்தோடு வரும் கடும் அரிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம்.

நம் பக்கத்து மருத்துவர்கள் இதை முதலில் நினைக்காததற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான பெரிய இந்திய ஆய்வு ஒன்றில் வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருந்தது. இதற்கான மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது. நாம் கோதுமை குறைவாகச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகளில் அந்த வித்தியாசமும் எத்தனை நாள் நிற்கும் என்பது கேள்வி. அதனால் “சீலியாக் பார்த்துவிடலாமா டாக்டர்?” என்று நீங்களே கேட்பதில் தவறில்லை.

2. சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

புதிதாக வருகிறவர்களில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சந்தேகம் வந்ததுமே யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை விட்டுவிடுகிறார்கள். வயிறு லேசாகிறது, மகிழ்ச்சி. பிறகு உறுதி செய்துகொள்ளலாம் என்று சோதனைக்குப் போனால் “ஒன்றுமில்லை” என்று வருகிறது.

ரத்தத்தில் தேடுவது குளூட்டன் வருவதால் உடல் கிளப்பிய எதிர்ப்பொருள்களை. குளூட்டன் வராவிட்டால் அவை மெல்ல இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்போது வரும் நெகட்டிவ் முடிவை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லி, தோசை, சோறு என்றே இருந்து வாரம் ஒரு நாள் மட்டும் பூரி சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “கோதுமை சாப்பிடுவீர்களா?” என்று கேட்டால் “சாப்பிடுவோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எத்தனை வேளை, எவ்வளவு என்பதுதான் அங்கே தேவைப்படும் பதில்.

ஏற்கெனவே நிறுத்தியாயிற்று என்றால் மீண்டும் சாப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். குழந்தைகளுக்கும், கடுமையான பாதிப்பு இருந்தவர்களுக்கும் வீட்டில் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

3. ரத்தப் பரிசோதனை: இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்

முதல் சோதனை டிடிஜி-ஐஜிஏ, சீலியாக்கில் கூடும் ஓர் எதிர்ப்பொருளை அளப்பது. ஐஜிஏ, ஐஜிஜி என்பவை எதிர்ப்பொருள்களின் இரு வகைகள். அதோடு மொத்த ஐஜிஏ அளவும் பார்க்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏ உற்பத்தியே குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி-ஐஜிஏ நெகட்டிவாகக் காட்டலாம். மொத்த ஐஜிஏ குறைவு என்று தெரிந்தால் ஐஜிஜி வகைச் சோதனைகளுக்கு மாற வேண்டும். சீட்டில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று லேபுக்குப் போகும் முன்னே பாருங்கள். ஒரே ஊசியில் முடிந்துவிடும்.

எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுச் சோதனையை வைத்து “சீலியாக் இல்லை” என்று சொல்லலாம், “இருக்கிறது” என்று சொல்ல முடியாது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அந்த மரபணு இருக்கிறது. பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இருநூறு உணவுகளுக்கு ஒவ்வாமைப் பட்டியல் தரும் ஐஜிஜி பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். மேலே சொன்ன ஐஜிஜி சோதனை வேறு, இது வேறு; சீலியாக்கைக் கண்டறிய இந்தப் பேக்கேஜ்கள் உதவாது. பட்டியலைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் கத்தரிக்காயையும் நிறுத்தி, பிள்ளையை இன்னும் இளைக்க வைத்ததுதான் மிச்சம் என்று வருந்துகிற வீடுகள் உண்டு.

4. எண்டோஸ்கோப்பியும் அறிக்கையும்

பெரியவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பதே வழக்கமான அடுத்த படி. பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துணுக்கு போதாது. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கும், அதன் தொடக்கப் பகுதியில் ஒன்றிரண்டும் எடுப்பது முறை. திசு எடுப்பது வலிக்காது. வெறும் வயிற்றோடு போவதும், வேலை முடிந்ததும் உங்களை வீட்டுக்குக் கூட்டிவர ஒருவர் இருப்பதும்தான் ஏற்பாடு.

குழந்தைகளுக்கு ஒரு விலக்கு உண்டு. டிடிஜி-ஐஜிஏ இயல்பின் மேல் எல்லையைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனையும் பாசிட்டிவாக இருந்தால், திசு எடுக்காமலே உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் 2020இல் சொல்கிறது. முடிவெடுப்பது குடல் நோய் மருத்துவரின் வேலை.

அறிக்கையில் “மார்ஷ் 3” என்று இருந்தால் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். ஆனால் அவை தேய்வதற்குச் சீலியாக் மட்டுமே காரணமல்ல. நம் வெப்பமண்டலத்துக்கே உரிய டிராப்பிகல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய், ஜியார்டியா ஒட்டுண்ணி, ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஓல்மிசார்டான் மாத்திரை ஆகியவையும் இதே படத்தைக் காட்டும். ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக இருந்து திசு அறிக்கை மட்டும் பாசிட்டிவாக வந்தால், வாழ்நாள் பத்தியத்தில் இறங்கும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். தினமும் போடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

உறுதியான அன்றே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் பின்னால் ஒப்பிட வசதியாக இருக்கும். பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

5. முதல் வாரம்: வாங்குவதற்கு முன் ஒதுக்குங்கள்

புதிய மாவு, புதிய பிஸ்கட் என்று தேடி ஓடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதற்கு முன் வீட்டில் இருப்பதை வெளியே எடுங்கள். கோதுமை மாவு, மைதா, ரவை, கோதுமை ரவை, சேமியா, பிரெட், ரஸ்க், பிஸ்கட், பார்லி, ஓட்ஸ், சத்துமாவு, மால்ட் பானங்கள்.

சத்துமாவில் கோதுமை பெரும்பாலும் இருக்கும். ஹார்லிக்ஸ் போன்ற பானங்களின் அடிப்படையே மால்ட், அதாவது முளைவிட்ட பார்லி. கால் வீங்கினாலும் நீர்க்கடுப்பு வந்தாலும் பெரியவர்கள் காய்ச்சித் தரும் பார்லித் தண்ணீரும் கூடாது. சம்பா கோதுமை, நாட்டுக் கோதுமை, கோதுமைப்புல் சாறு எதுவும் கூடாது. பாரம்பரிய ரகம் என்றாலும் குளூட்டன் உண்டு. ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும் என்பதால் முதல் ஆண்டு வேண்டாம். பிறகு சான்று பெற்ற ஓட்ஸ் கிடைத்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

என் யோசனை: பத்தாம் படியில் சொல்லும் குடும்பத்தாரின் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு, முடிந்தால் வீடு முழுவதற்கும் கோதுமை மாவை நிறுத்திவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று தொடங்குகிற வீடுகளில் அம்மாக்கள் சில மாதத்தில் களைத்துப்போகிறார்கள். சப்பாத்தி மாவு பிசையும்போது பறக்கும் தூசி மேடையெங்கும் படிகிறது. அரிசிச் சாப்பாட்டு வீட்டுக்குக் கோதுமை இல்லாமல் வாழ்வது பெரிய தியாகமில்லை. அப்பாவின் சர்க்கரைக்குச் சப்பாத்திதான் என்றால் சிறுதானியத்துக்கு மாற்ற முடியுமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

சப்பாத்தி தொடர்ந்தே ஆக வேண்டுமானால் இவை தனியாக வேண்டும்: தோசைக்கல், சல்லடை, தோசைத் திருப்பி, மரக்கரண்டி, இடியாப்ப உரல், பாத்திரம் தேய்க்கும் நார். எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிப் பயன்படுத்தலாம். சல்லடையின் கண்ணிகளையும் எண்ணெய் ஏறிய இரும்புக்கல்லையும் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது.

6. பெருங்காயம்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். கடையில் கிடைக்கும் பெருங்காயம், கட்டியோ தூளோ, பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பிசின் மிகக் காட்டம் என்பதால் கருவேலம் பிசினும் ஏதாவதொரு மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல நிறுவனங்களில் கோதுமை அல்லது மைதா.

ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து மூன்று மாதம் உள்ளே போனாலே குடலுக்குப் பாதிப்பு என்று ஆய்வு காட்டியிருக்கிறது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. நம் சாப்பாட்டில் பெருங்காயம் எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள்: சாம்பார், ரசம், மோர், தயிர்சாதத் தாளிப்பு, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம், வடகம், மிக்சர். கோதுமையே வாங்காத வீட்டுக்குள் மூன்று வேளையும் கோதுமை வந்துபோகும் வாசல் இது.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடினால் கிடைக்கும். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானத்தைப் படித்து வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் படியுங்கள், சேர்மானம் மாறக்கூடும். கிடைக்கும்வரை தாளிப்பில் பூண்டும் சீரகமும் போதும். ஊறுகாய், இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி மூன்றையும் வீட்டுத் தயாரிப்புக்கு மாற்றிவிடுங்கள். பழைய பெருங்காய டப்பாவைக் கழுவி அதிலேயே புதியதைக் கொட்டாதீர்கள், டப்பாவையே மாற்றுங்கள். செரிமானத்துக்கு வாங்கும் சூரணங்களிலும் பெருங்காயம் உண்டு.

7. மாவு மில்லும் மளிகைக்கடை மூட்டையும்

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. மில்லுக்குப் போனால் கதை மாறிவிடும். உங்கள் கேழ்வரகுக்கு முன்னால் அரைத்தவர் கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் குழாயிலும் துணிப்பையிலும் மீதி நிற்கும். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மீதி உங்கள் மாவில்தான் வரும். இரண்டு கிலோ அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு அரைப்பதும் முழுப் பாதுகாப்பல்ல.

கொஞ்சமாக என்றால் மிக்சியில் அரைத்து, தனிச் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். மாதம் பல கிலோ தேவைப்பட்டால் வீட்டுக்கான சிறிய மாவரைக்கும் இயந்திரம் வாங்குவது நல்ல செலவு. அதிகமாக மாவு அரைப்பதைவிட, ஊறவைத்துக் கிரைண்டரில் அரைக்கும் பண்டங்களுக்குத் திரும்புவதே எளிது: இட்லி, தோசை, அடை, ஆப்பம், கம்பு தோசை. கிரைண்டர் நம் வீட்டிலேயே இருப்பதால் அதில் என்ன அரைத்தோம் என்பது நமக்குத் தெரியும். தீபாவளிக்குக் கோதுமைப் பால் அல்வா கிண்டுகிற பழக்கம் இருந்தால் மட்டும் கவனம்.

உளுந்து, பொட்டுக்கடலை, சிறுதானியங்களைச் சில்லறையாக வாங்கினால் ஓரிரு கோதுமை மணி கலந்திருக்கும், ஒரே அள்ளி எல்லா மூட்டைக்கும் போவதால். தட்டில் பரப்பிப் பொறுக்கி, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். நவதானியப் பொட்டலத்தில் கோதுமையும் ஒன்று.

8. பாக்கெட்டைப் படிப்பது

முகப்பை நம்பாதீர்கள். “ராகி சேமியா”, “சிறுதானிய நூடுல்ஸ்”, “ராகி பிஸ்கட்” என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்புறம் சேர்மானத்தில் முதலாவதாகவே கோதுமை மாவோ மைதாவோ இருப்பது சகஜம்.

குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. “குளூட்டன் ஃப்ரீ” என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 20 முதல் 100 வரை இருப்பது “லோ குளூட்டன்”. இந்த இரண்டாவது வகை சீலியாக்குக்கு ஆகாது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட், சோயா சாஸ், சுவையூட்டிய சிப்ஸ் இவற்றில் கண் வையுங்கள். ஜவ்வரிசி, சோள மாவு, கடலை மாவு இயல்பில் பாதுகாப்பு. மருந்துகளில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று மருந்துக்கடையில் கேட்டு வையுங்கள்.

விலையுயர்ந்த குளூட்டன் இல்லாத பிரெட், கேக் எதுவும் கட்டாயமில்லை. அவற்றில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரையும் கொழுப்பும் பல சமயம் கூடுதல்.

9. வெளியில் சாப்பிடுவது, விசேஷ வீடு, பள்ளி

ஓட்டலில் “குளூட்டன் ஃப்ரீயா?” என்று கேட்டால் சர்வர் தலையாட்டிவிடுவார். அவருக்குத் தெரிந்த பெயர்களில் கேளுங்கள்: “கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம் இந்த அஞ்சும் சேரக்கூடாது அண்ணே. எதுல இல்ல?” சமையல் மாஸ்டரிடமிருந்து பெரும்பாலும் நேரான பதில் வரும்.

இட்லி, இடியாப்பம், வெறும் சோறு, தாளிக்காத தயிர், அவித்த முட்டை, பழம் ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். பரோட்டா போடும் கல்லில் வார்த்த தோசையும், கடை வடையும் வேண்டாம். மொறுமொறுப்புக்கு வடை மாவில் ரவை சேர்ப்பவர்கள் உண்டு. கையில் வீட்டு இட்லிப் பொடியும் ஒரு சிறு பாட்டில் நல்லெண்ணெயும் இருந்தால் பயணம் முழுக்க ஓட்டிவிடலாம்.

கல்யாண வீட்டில் சமையல்காரரை முதல் நாளே பார்த்துச் சொல்வதுதான் பயன் தரும், பந்தியில் உட்கார்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கோயில் பிரசாதத்தில் புளியோதரையையும் கேசரியையும் தவிர்த்து, சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களின் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைத் திருச்சபை ஏற்கிறது, திராட்சை இரசம் மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

“ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்று அன்போடு ஊட்டிவிடும் பாட்டிகளைச் சமாளிப்பதுதான் கடினம். “அலர்ஜி” என்றால் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “அது உள்ளே போனால் குடல் புண்ணாகிறது பாட்டி, வெளியே தெரியாது” என்றால் புரிந்துகொள்கிறார்கள். அது உண்மையும்கூட. தொந்தரவு தெரியாவிட்டாலும் சேதம் நடக்கும்.

பள்ளியில் வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் அந்த ஐந்து பெயர்களையும், பிறந்தநாள் கேக், பிஸ்கட் கூடாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கென்று கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ ஒரு டப்பாவில் அங்கேயே வைத்துவிடலாம். சிறு வகுப்புகளில் விளையாடும் வண்ண மாவிலும் மைதாப் பசையிலும் கோதுமை இருக்கிறது. கையை வாயில் வைக்கும் வயது என்றால் சொல்லி வையுங்கள்.

10. பிறகு என்ன பார்க்க வேண்டும்

முதல் சில மாதங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தேய்ந்த குடலில் பாலைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும், குடல் ஆறினால் திரும்பும். தயிரும் மோரும் பலருக்குச் சேரும். கோதுமையின் நார்ச்சத்து போய்விடுவதால் மலச்சிக்கல் வரலாம். வெள்ளைச் சோற்றையே மூன்று வேளையும் நம்பாமல் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஜி-ஐஜிஏவை ஆறு மாதத்திலும் ஓராண்டிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். எண் ஒரே பாய்ச்சலில் இயல்புக்கு வராது, முதலில் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் அளவுகோல் மாறும். எண் இயல்பானாலும் பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

எண் இறங்காவிட்டால் அடுத்த மருத்துவரைத் தேடும் முன், ஒரு வாரம் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், மோரும் ஊறுகாயும் மாத்திரையும் உட்பட. அந்தத் தாளோடு உணவியல் வல்லுநரைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அதில்தான் இருக்கும். உணவு உண்மையிலேயே சுத்தம், ஆனாலும் தொந்தரவு நிற்கவில்லை என்றால் வேறு காரணங்களை மருத்துவர் தேட வேண்டும்.

குணமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பரோட்டா சாப்பிட்டுச் சோதிக்காதீர்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மாற்று மருந்து கிடையாது. தண்ணீர் குடித்து, எளிதாகச் செரிப்பதைச் சாப்பிட்டு, எதில் வந்தது என்று கண்டுபிடித்து வையுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் கோதுமையை நிறுத்தும் முன்னே செய்ய வேண்டும், காரணம் இரண்டாம் படியில் சொன்னதுதான். இன்று நெகட்டிவ் என்றால் என்றைக்கும் நெகட்டிவ் என்றில்லை. அறிகுறி வந்தால் மீண்டும் பாருங்கள். மரபணுச் சோதனை உருப்படியாகப் பயன்படுவது இவர்களுக்கே: இரண்டு மரபணுவும் இல்லாத தம்பி தங்கைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அநேகமாக இல்லை, திரும்பத் திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை.